முதலாளியின் ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்

திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் நான் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்நூறும் ஆயிரமும் இனி செல்லாது என்று டிவியில் சொன்ன மறுநாள் காலை, வில்லியனூரில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் சத்தம் போட்டார்: "ஐந்நூறு ரூபா வெச்சிருக்கறவங்க இப்பவே எறங்கிடுங்க!" பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த போனஸ் அப்படியே ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாக வீட்டில் இருந்தது. அடுப்படிக்கு மேலே விரிசல் விட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மாற்றுவதற்காக எடுத்து வைத்த பணம்.

அந்த வாரக் கடைசியில் சூப்பர்வைசர் பேக்கிங் பெண்கள் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முகம் சுளிக்காமல் லீவு கொடுப்பவர். அன்று மேஜை மேல் கவர்களை அடுக்கி வைத்திருந்தார்.

"நாளைக்கு யாரும் வேலைக்கு வர வேணாம். ஆளுக்கு ஒரு கவரு. ஆதார் கார்டு எடுத்துக்கினு பேங்க்ல போயி நில்லுங்க. மாத்தி எடுத்தாந்து குடுத்தா நாள் சம்பளம் உண்டு. டிபன் செலவு தனி."

"அப்ப எங்க பணத்த எப்ப சார் மாத்தறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அத அப்பறம் பாத்துக்கலாம்மா. பேங்க்கு எங்க ஓடிடப் போவுது?"

ஒருவர் இவ்வளவுதான் மாற்றலாம் என்று அப்போது வரம்பு வைத்திருந்தார்கள். பாரத்தில் பெயர் எழுதி, அடையாள அட்டை நகலோடு கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி இத்தனை நாள் எங்கேயோ வைத்திருந்த பணத்தை என்னுடையது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். கவர் வாங்க வரிசையில் நிற்கும்போதே அது எனக்கு உறைத்தது. என் முறை வந்ததும் கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணாம் சார்."

"இன்னாது?"

"எங்கூட்டுப் பணமே மாத்தாம கெடக்குது சார். கம்பெனி பணத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்குப் பின்னால் நின்றவர், பல வருஷமாக என்னோடு ஒரே மேஜையில் வேலை பார்த்த அக்கா. வில்லியனூர் கடைத்தெருவில் அவருடைய வீட்டுக்காரர் வளையல் கடை வைத்திருந்தார். அவரும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "எனக்கும் வேணாம் சார்" என்றார்.

சூப்பர்வைசர் முகம் மாறிவிட்டது. "நல்லா யோசிச்சிக்குங்க. மாத்தலன்னா இந்தப் பக்கமே வராதீங்க."

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

"மாத்திக் குடுத்துட்டு வந்துடேன். உனுக்கு இன்னா போச்சு?"

"எம் பேரு, எம் போட்டோ போட்ட கார்டு. நாளைக்கு எவனாவது வந்து ஏது இந்தப் பணம்னு கேட்டா நீ பதில் சொல்வியா?"

"காலைல பஸ் ஸ்டாண்டுல நானே எறக்கி விடறேன், கம்பெனிக்கே போ" என்றார் அவர்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கம்பெனிக்குப் போனோம். மற்ற பெண்கள் பேங்க் வாசலில் நின்றார்கள். மிஷின் கக்கிய பாட்டில் மூடிகள் பேக்கிங் மேஜையில் குவிந்து கிடந்தன.

"உங்கள யாரு வரச் சொன்னது? வேலை இல்ல, போங்க" என்றார் சூப்பர்வைசர்.

"வேலை இல்லன்னு எழுதிக் குடுங்க சார். எதுக்காக இல்லன்றதையும் அதுலயே எழுதிடுங்க" என்றேன்.

அக்கா அதற்குள் தொப்பி மாட்டிக்கொண்டு அட்டைப் பெட்டியை மடிக்க ஆரம்பித்துவிட்டார். சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதித் தரவும் இல்லை, வெளியே அனுப்பவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பேங்க் திறந்திருந்தது. அக்காவும் நானும் விடிவதற்குள் போய் நின்று, மத்தியானம் எங்கள் நோட்டை மாற்றிக்கொண்டு வந்தோம். ஷீட் மாற்றியாயிற்று.

திங்கட்கிழமை என்னைக் கிரைண்டிங் ரூமில் போட்டார்கள். உடைசல் பிளாஸ்டிக்கை அரைக்கும் இடம். காது அடைத்துப்போகும், தும்மினால் நீலமும் சிவப்புமாகத் தூள் வரும். அக்காவை லோடு ஏற்றும் இடத்துக்கு அனுப்பினார்கள். நாங்களாகவே நின்றுவிடுவோம் என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

இரண்டாவது முறையும் மற்ற பெண்களிடம் கவர் கொடுத்தார்கள். அதற்குள், ஒரு தடவை மாற்றியவர் மறுபடி மாற்றாமலிருக்க, பேங்கில் விரலில் மை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண்களில் எங்கள் பஸ்ஸில் வரும் ஒருத்திக்கு மை வைத்தாயிற்று. அவள் வீட்டு நோட்டு அப்படியே கிடந்தது. பேங்கில் கணக்கும் கிடையாது. அக்காவும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கணக்குத் திறந்து, பணத்தைப் போட வைத்தோம். நன்றி என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. மறுநாள் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தாள்.

மூன்றாவது முறை, அவரவர் கணக்கில் போட்டு எடுத்துத் தரச் சொல்லிக் கவர்கள் வந்தபோது அவள்தான் முதலில் "வேணாம் சார்" என்றாள். அதன் பிறகு ஒருத்தியும் கை நீட்டவில்லை. சூப்பர்வைசர் கவர்களைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். அந்த நோட்டுகள் பிறகு எங்கே மாறின என்று எனக்குத் தெரியாது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவரே கிரைண்டிங் ரூம் வாசலில் வந்து நின்றார். சத்தத்தில் கேட்காதென்று மிஷினை நிறுத்தச் சொன்னார்.

"நாளைலேர்ந்து பேக்கிங்குக்கு வந்துடும்மா."

"அக்கா?"

"அவங்க லோடிங்லயே இருக்கட்டும்."

"அப்ப நானும் இங்கயே இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு மிஷினைப் போட்டேன்.

மறு வாரம் இரண்டு பேரையும் பேக்கிங்குக்குக் கூப்பிட்டார்கள்.