இரண்டு பேருக்கான வீடு

புருஷனை விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். என் முன்னால் வந்து சொல்லட்டும், பார்க்கிறேன். அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். எனக்குத் தெரியாததா? கதை எழுதுகிறவன் நீ, நான் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்.

பொத்தான்காரி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். தெரு முக்கிலுள்ள துணிக் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். கம்பெனிக்கு நடந்து போகும் தூரத்தில், அவர்கள் சம்பளத்துக்குக் கிடைத்தது இந்த மாடி அறை ஒன்றுதான். அதற்கும் வீட்டுக்காரம்மா குடிவந்த அன்றே சொல்லிவிட்டாள்: "ரெண்டு பேருக்குத்தான் வீடு. மூணாவதா ஒண்ணு வந்தா அன்னிக்கே காலி பண்ணிடணும்."

பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நான்காம் மாதம் அவள் அம்மா கண்ணை மூடினாள். பிள்ளையைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு படியேறினாள் இவள்.

அன்றிலிருந்து அந்த அறையில் ரேடியோ ஓயவில்லை. ஜன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். அவள் வேலைக்குப் போனால் பிள்ளை என்னிடம். உதட்டில் விரல் வைத்து "உஸ்" என்று நானும்தான் பழக்கினேன். அதையும் எழுது, விட்டுவிடாதே.

ஒருநாள் வீட்டுக்காரம்மா கீழே நின்று கேட்டாள். "என்ன பாட்டி, மாடியில எலி ஓடுதா?"

"ஆமாம்மா. ஒரு பூனை வாங்கி விடுங்களேன்."

அவள் சிரிக்கவில்லை. "எலி நல்லா வளந்துருச்சு போல" என்று மாடியையே பார்த்தாள்.

பொத்தான்காரி அன்றே புருஷனிடம் மன்றாடினாள். "பஸ் போய் நிக்கிற கடைசி எடத்துல வீடு கெடைக்குதாம். போயிடலாங்க."

"அங்கிருந்து எப்படி வேலைக்கு வர்றது? மண்ணையா திங்கிறது? ஸ்கூல்ல சேக்குற வரைக்கும் பொறு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை முக்காலியிலிருந்து விழுந்தான். சத்தம் கேட்டு ஓடினேன். நெற்றி பிளந்து ரத்தம். வாய் அகலத் திறந்திருக்கிறது, கண்ணீர் கொட்டுகிறது, தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கதவைப் பார்த்துவிட்டுத் தன் விரலைத் தானே உதட்டில் வைத்தான்.

"கத்துடா! வலிக்குதுன்னு கத்துடா!" என்று அவள் அவனை உலுக்கினாள். அவன் இன்னும் இறுக்கி வாயை மூடிக்கொண்டான்.

காயத்தைக் கட்டினாள். மாற்றுத்துணியை எடுத்தாள்.

"எங்கடி போறே?" என்றான் புருஷன்.

"பஸ் போய் நிக்கிற எடத்துக்கு. வந்தா வாங்க."

அவன் செருப்பைத் தேடவில்லை.

பட்டப்பகலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கீழே வீட்டுக்காரம்மா வழியில் நின்றாள். இவள் ஒதுங்கவில்லை, இடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே போனாள். "அழு கண்ணு, இப்பவாவது அழு."

அவன் அழவில்லை.