மாமியாருக்கு ஒரு நாள், மருமகளுக்கு ஒரு நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் சோப்புக் கம்பெனிக்காரர்கள் சுங்குவார்சத்திரம் பக்கத்து ஊர்களுக்கு வருவார்கள். பத்துப் பெண்களை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, எந்தச் சோப்பு, ஏன் பிடிக்கும் என்று பேசவிட்டு டேப்பில் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆள் சேர்த்துத் தருவது அம்சவல்லி. மாமியாரையும் மருமகளையும் அவள் ஒரே நாளில் அழைக்கமாட்டாள். மாமியார்களுக்குத் திங்கட்கிழமை, அவர்கள் சந்தைக்குப் போகும் புதன்கிழமை மருமகள்களுக்கு. பெரியவள் காதுபடச் சின்னவள் வாய் திறப்பாளா?

அந்த மாசம் வந்த ஆபீசர் நடேசனுக்கு இது ஏறவில்லை. புதன்கிழமை அவன் மச்சான் வீட்டில் கல்யாணமாம். திங்களன்று அம்சவல்லி டீயும் போண்டாவும் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஜீப்பை அனுப்பி மருமகள்களையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன், பெட்ரோலை மிச்சம் பிடித்தானாம். தூ!

மருமகள்களில் ஒருத்தி, கங்கா, ஏறும் முன் டிரைவரைக் கேட்டிருக்கிறாள்: "அம்சாக்கா கூப்ட்டாங்களா? எங்க மாமியா அங்க கீதே?"

"பெருசுங்க கூட்டம் முடிஞ்சி போயிட்டாங்கம்மா, ஏறு."

எங்கே போனார்கள்? டீக்காகப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள். உன் மாமியார் காதுக்குப் போகாது, நான் பொறுப்பு என்று அம்சவல்லி முன்பே சொல்லியிருந்ததால் கங்கா மனசைத் திறந்துவிட்டாள்.

"எங்க மாமியா சோப்ப பொட்டில வெச்சிப் பூட்டிக்கும் சார். புள்ள பெத்து வந்தப்பகூட அது தேச்சிட்டுப் போட்ட சோப்புத் துண்டுதான் எனக்கு."

அம்சவல்லி தூக்குச் சட்டியோடு நுழைந்தபோது மாமியார் ராஜம்மா கங்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரு சிரிக்க வெச்சிட்டியேடி! புள்ளைய வுட்டுட்டு ஒங்காத்தா வூட்டுக்குக் கெளம்பு."

கைக்குழந்தை. விட்டுவிட்டுப் போ என்கிறாள். நடேசனோ டேப்பைச் சுற்றிக்கொண்டே, "ஃபர்ஸ்ட் கிளாஸ் மேட்டர்!" என்று பல்லை இளித்தான். அவன் முகத்தில் காறித் துப்பலாம் போல வந்தது அம்சவல்லிக்கு.

துப்பவில்லை. நேரே ராஜம்மாவிடம் போனாள்.

"பெரிம்மா, அதும்மேல தப்பில்ல. நாந்தான் சொல்லிக்குடுத்தேன். மாமியாள கொறை சொன்னா கம்பெனிக்காரனுக்குப் புடிக்கும்னு."

ஒருத்திக்கும் ஒரு சொல் சொல்லிக்கொடுத்தவள் இல்லை அவள். ராஜம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? த்தூ!"

எச்சில் அம்சவல்லியின் காலடியில் விழுந்தது. ராஜம்மா கங்காவின் கையை விட்டாள். "வூட்டுக்கு நட. புள்ள அழுவும்."

நடேசனின் இளிப்பு அடங்கிவிட்டது.

"இன்னாம்மா இது? அப்ப இத்தினி வருஷமா நீ கூட்டியாந்த பொம்பளைங்க பேசினதெல்லாம் பொய்யா?"

ராஜம்மா வாசலைத் தாண்டவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆமா சார், எல்லாமே பொய்தான்," என்றாள் அம்சவல்லி. "இனிமே நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."