பெரிய டாக்டர்களும் பின்பக்கத்துச் சத்தமும்

டொக்... டொக்... டொக்... இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கத்திலிருந்து, இருட்டிய பிறகு இந்தச் சத்தம் வர ஆரம்பித்த சமயத்தில்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நடத்துகிறவர்களுக்கே பாடம் எடுக்கும் வேலை! டீன், துறைத் தலைவர்கள் எல்லாரும் என் மாணவர்கள். வந்த நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது மட்டும் போதாது, ஊரே நோயில் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது பாடம். உங்களைவிட வயதிலும் சம்பளத்திலும் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. வாருங்கள், உட்காருங்கள்.

என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். வீட்டில் நானும் ஒன்றரை வயது மகளும்தான். பேய் கிடையாது என்று கான்வென்ட்டில் சிஸ்டர் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்திருந்தார். பயம் எனக்குத் தமிழில்தான் வரும். பின்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளையும் போட்டு, கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து முட்டுக் கொடுத்துவிட்டு, பாப்பா தூங்கியதும் மறுநாள் பாடத்தைத் தயார் பண்ணுவேன்.

தனி வார்டு

முதல் வகுப்பில் கலாவைப் பற்றிச் சொன்னேன். தென்காசிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு ஃபேக்டரியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக வார்டுக்கு வருவாள், மருந்தில் குணமாவாள், மறுபடி அதே காய்ச்சலோடு வருவாள். அவள் மட்டுமில்லை, அவள் தங்கியிருக்கும் பக்கத்திலிருந்து எத்தனையோ பெண்கள். "இன்னொரு தடவை லீவு போட்டா ஊருக்கே போயிடு" என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அவள் வேலை போகாமல் இருக்க நாம் என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

உடனே டீன் எழுந்தார். சர்ஜன், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கண்ணெல்லாம் பளபளக்கச் சொன்னார்: "ரொம்ப சிம்பிள்மா! அவங்களுக்குன்னே தனி வார்டு கட்டிடலாம். எத்தனை பெட் வேணும், சொல்லு!"

ஸ்டெதஸ்கோப் இல்லாத முகாம்

சரி, இவர்களைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்று முடிவு கட்டினேன். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வேனில் கூட்டிப்போனேன். ஒரே ஒரு நிபந்தனைதான்: யாரும் ஸ்டெதஸ்கோப் எடுக்கக்கூடாது, ஜனங்களிடம் பேச்சுக் கொடுத்துக் கேட்க மட்டும்தான் வேண்டும். எனக்கோ கால் தரையில் பாவவில்லை, இன்றைக்கு எல்லாம் புரியப்போகிறது என்று!

கண் டாக்டர் ஒரு டீக்கடைக்காரரின் இமையைச் சும்மா கீழே இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பதற்குள் வரிசை ஆட்டோக்களைத் தாண்டிவிட்டது. டீன் பெஞ்சில் உட்கார்ந்து வயிறு வயிறாக அமுக்கிக்கொண்டிருந்தார். "சார், வைத்தியம் பார்க்காதீங்க, கேளுங்க!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "இன்னாம்மா நீ? டாக்டரு காசு வாங்காம பார்த்துகினு கீறாரு, உனக்கு இன்னா எரியுது?"

மோர்

அடுத்த முறை கலா தங்கியிருக்கும், வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டுக்கே போனோம். மண்டையைப் பிளக்கிற வெயில். டீன் வழியிலேயே மோர் மேல் மோராகக் குடித்துக்கொண்டு வந்தார். "ஷிஃப்ட்ல தண்ணி குடிக்கிறியா?" என்று கலாவைக் கேட்டேன். "குடிச்சா ரூமுக்கு வந்ததும் போகணும்லா மேடம்" என்றாள். போனால் என்ன என்றதற்குச் சிரித்துச் சமாளித்தாள்.

அதற்குள் மோர் வேலையைக் காட்டிவிட்டது. பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே கக்கூஸ். டீன் விறுவிறுவென்று நடந்தார். கலா பின்னாலேயே ஓடினாள். "சார், சார்! உள்ள தாப்பா கிடையாது. தண்ணி மோக்குற மக்க வச்சு பக்கெட்டத் தட்டிக்கிட்டே இருங்க. சத்தம் நின்னா, ஆள் இல்லன்னு தொறந்திருவாங்க!"

டொக்... டொக்... டொக்...

இது என் வீட்டுப் பின்பக்கத்துச் சத்தம்! நிமிர்ந்து பார்த்தேன். கக்கூஸுக்குப் பின்னால் இருந்த மதிலுக்கு அந்தப் பக்கம், கொடியில் என் மகளின் கவுன் காய்ந்துகொண்டிருந்தது! இந்த லைன் வீட்டுக்கு வாசல் அடுத்த தெருவில் இருந்ததால், இது என் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று இத்தனை நாளும் எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் முடிந்த ஒரு கும்பல் லைன் வீட்டுக்குள் நுழைய, டொக்டொக்டொக் என்று டீன் தாளத்தைக் கூட்டினார்.

வேர்த்து விறுவிறுத்து, மக்கும் கையுமாக வெளியே வந்தார். யாரும் சிரிக்கவில்லை. "ராத்திரியிலயும் இப்படித்தான் தட்டுவீங்களாம்மா?" என்று கேட்டார். கலா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பையங்க யாரும் தட்ட மாட்டாங்க. தட்டுனா உள்ள பொம்பளப்பிள்ள இருக்கான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருது சார். அதுக்குத் தண்ணியே குடிக்காம இருந்திரலாம்."

ஓனர்

வீட்டு ஓனரை வரவழைத்தார் டீன். வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு ஓடி வந்தார் ஓனர். "தாப்பா இருந்திச்சு சார், நான்தான் கயட்டிட்டேன். உள்ள குந்திகினு போன் பேசிக்கினே கீதுங்க. மத்தவன்லாம் வெளிய நின்னுகினு என்னைத் திட்றான்."

டீன் அவரையே உற்றுப் பார்த்தார். ஓனருக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் செய்தது இவர்தானாம். "ஏம்பா, உன் வேட்டிய அவுத்து ஆபரேஷன் பண்ணேனே, தியேட்டர் கதவைத் தொறந்து வெச்சா பண்ணேன்?"

வார்டு என்ன ஆச்சு?

அன்று சாயங்காலமே தாழ்ப்பாள் வந்துவிட்டது. நான் குதிக்காத குறைதான்! கலா இப்போது லைனில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறாள். இதுவரை மறுபடி வார்டுப் பக்கம் வரவில்லை. வெற்றிப் பெருமிதத்தோடு அடுத்த வகுப்பில் சாக்பீஸைக் கையில் எடுத்தேன். டீன் எனக்கு முன்னால் போர்டுக்குப் போய், முதல் வகுப்பில் அவர் யோசனையாக நான் தனி வார்டு என்று எழுதியிருந்ததை அழித்தார். "ஒரு கதவுக்குப் போட்டது வைத்தியம்மா. தண்டலத்துல இருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற லைன் வூட்டுக்கெல்லாம் போட்டாத்தானே அது நீ சொல்ற பாடம்? வேன் எப்ப கிளம்புது?"

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ கக்கூஸுக்கு நடந்து போகிற சத்தம் கேட்கிறது. இரண்டு தாழ்ப்பாளும் ஒரு சிலிண்டரும் வைத்து நான் விரட்ட முடியாத பேய், அங்கே உள்பக்கமாக ஒரே ஒரு தாழ்ப்பாள் 'சரக்'கென்று விழுந்ததும் போய்விட்டது.