இடது கன்னம்

சோர்னித்சாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் வாயைத்தான் சொல்ல வேண்டும். அப்பப்பா, என்ன வாய்! எங்கள் அடுக்ககத்தில் எனக்கு நேர் மேல்வீடு. இருபது வருடம் ஊறுகாய் ஆலையில் புட்டி லேபிள்களுக்குப் படம் வரைந்தாள். ஆலையை மூடியதும் கணினியில் வரையும் பலகை ஒன்றை வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் புத்தகங்களுக்கு உருவம் வரைய ஆரம்பித்தாள். கறுப்புக் கோடே இல்லாத, கன்னம் உப்பிய, தொட்டால் மெத்தென்றிருப்பது போன்ற உருவங்கள். இந்தக் கரடுமுரடான பெண்ணின் கையிலிருந்தா இது வருகிறது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி என் மகள் கலினாவுக்குப் பள்ளியில் முதல் நாள். வகுப்புக் கதவில் ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் ஒட்டுவார்கள். கலினாவோ எடுத்த புகைப்படத்தையெல்லாம் கிழித்துப் போட்டாள். "இது நான் இல்ல. இதை ஒட்டினா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்." போன இலையுதிர் காலத்தில், அடுக்ககத்துக்குக் கீழே முற்றத்தில் கொப்பரை வைத்துக் குடைமிளகாய் விழுது கிளறிக்கொண்டிருந்தோம். கொதித்தது தெறித்து அவள் இடது கன்னம் வெந்துவிட்டது. கரண்டி என் கையில்தான் இருந்தது.

வரைந்த படமாக இருந்தாலும் சரி என்றார் டீச்சர். அதனால் பதினான்காம் தேதி மத்தியானம் சோர்னித்சாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"மூச்சை என் கழுத்துல விடாதடி நெவேனா. தள்ளி நில்லு."

முதலில் சாம்பல் நிறத்தில் தலை, தோள் என்று உருண்டைகளாகப் போட்டாள். அதன் மேல் இன்னொரு அடுக்கில் தோலின் நிறம், வேறோர் அடுக்கில் முடி. ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது. நிழலுக்குக் கறுப்பைத் தொடவே இல்லை, வெளிறிய ஊதாவைத்தான் தடவினாள். பிறகு மெல்லிய தூரிகையால் ஓரங்களைக் கரைத்தாள். என் பிள்ளை திரையில் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தாள்.

அப்புறம் அந்தத் தழும்பை வரைய ஆரம்பித்தாள்.

"அக்கா, அதையும் கரைச்சிடேன். ஒரு தடவு தடவினா போயிடுமே."

"மாட்டேன்."

"சின்னப் புள்ளக்கா! நாளைக்கு எல்லாரும் பாப்பாங்க!"

"கதவுல ஒருத்தி, பெஞ்சில ஒருத்தியா உக்காருவா? அது இருக்கும். இஷ்டம்னா எடு, இல்லன்னா கீழ போ."

போனேன். கதவை அறைந்துவிட்டுத்தான் போனேன்.

ஐந்து மணிக்குப் படம் என் கைபேசிக்கு வந்தது. ஆறு மணிக்குள் டீச்சருக்கு அனுப்பியாக வேண்டும். பார்த்ததும் எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. தழும்பு வலது கன்னத்தில் இருந்தது! கைபேசியை மேஜையிலேயே போட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? வேணும்னு வேணும்னு வரைஞ்சியே, அதையாவது ஒழுங்கா வரையக்கூடாதா?"

அவள் திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, திருப்பினதை மறுபடி திருப்பலையே!" கோணல் தெரிவதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். பார்த்துவிட்டு அப்படியே அனுப்பிவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் பதறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பலகையைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு என் பின்னால் இறங்கி வந்தாள்.

கலினாவின் கையில் என் கைபேசி. அந்தப் படத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"குடு கண்ணு, அது தப்பாப் போச்சு. பெரியம்மா சரி பண்ணித் தருவாங்க."

"தப்பு இல்ல. இது நான்தான்."

சோர்னித்சா சரியான படத்தைக் காட்டினாள். கலினா உதட்டைப் பிதுக்கினாள். "இது அந்த போட்டோல இருக்கிற பொண்ணு. நான் இந்தப் பக்கம்."

சோர்னித்சா குனிந்து மெதுவாகக் கேட்டாள், "இப்படித் திரும்பித் தெரியுறது கண்ணாடிலதான். அதுல பாத்தியாடா தங்கம்?"

என் வீட்டில் ஏது கண்ணாடி? கட்டுப் பிரித்த அன்றைக்கே நடையில் இருந்ததையும் குளியலறையில் இருந்ததையும் கழற்றி அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பிள்ளை பார்க்கக் கூடாதென்று. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சமையல்கட்டு ஓவனோட கண்ணாடிக் கதவுல," என்றாள் கலினா. "நீ கடைக்குப் போறப்ப உக்காந்து பாப்பேன். டெய்லி பாப்பேன். நீ அழுவேன்னுதான் சொல்லல."

ஏழு வயதுகூட ஆகவில்லை அவளுக்கு. பதினோரு மாதமாக என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கலினா கேட்ட படமே டீச்சருக்குப் போனது. பிறகு நானும் சோர்னித்சாவும் அலமாரியை நகர்த்தினோம். நடைக் கண்ணாடியை வெளியே எடுத்துத் துடைத்தோம். பழைய ஆணிக்கு நேராக அதை நான் தூக்கிப் பிடித்தேன்.

"அங்க இல்லம்மா," என்றாள் கலினா. "கீழ மாட்டு. எனக்குத் தெரியணும்."