கோணல் மஞ்சள்

ஹெட்லி ரயில் எஞ்சின்களுக்குப் பெயிண்ட் அடித்தது வாழ்க்கையில் பதினாலு மாதம்தான். அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருஷம் எங்கள் ஊரில் பஸ் ஓட்டினார். ஆனாலும் யாராவது என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், "பெயிண்டர். சரியா வரலை" என்பார்.

எங்கள் மாடல் ரயில் சங்கம் சனிக்கிழமை மதியம் மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் கூடும். பதின்மூன்று ஆண்கள், மேஜைமேல் ஒரு ரயில் நிலையம், ஓயாத சண்டை. அந்த மேஜையில் எப்போதும் 1964 மார்ச்தான். அந்த மாதத்துக்குப் பொருந்தாத நிறத்தில் எந்த டீசல் எஞ்சினும் ஓடக் கூடாது. 1966-ன் நீலத்தில் ஒன்றைக் கொண்டுவந்த ஒருவரோடு நாங்கள் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் நீலம்!

ஓய்வு பெற்ற பின் எங்களோடு சேர்ந்த ஹெட்லி, தன் கையால் வண்ணமடித்த சாண் நீள டி 8437 எஞ்சினைக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் பச்சை. முகத்தில் மட்டும், தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் தூரத்திலேயே பார்த்து ஒதுங்குவதற்கான மஞ்சள் கட்டம். அந்தக் கட்டம் இடப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

"என்னய்யா, தண்ணியப் போட்டுட்டு அடிச்சியா?" என்றார் எங்கள் தலைவர் கிளைவ் பார்ட்டிங்டன். பல் டாக்டராக இருந்தவர்.

"நிஜ வண்டியிலயும் அப்படித்தான். மூணு அங்குலம் இறங்கியிருந்துச்சு."

"யார் சொன்னா?"

"நான்தான்யா அதை அடிச்சேன்."

"அது கிடக்கட்டும். போட்டோ இருக்கா?"

போட்டோ இல்லை. எஞ்சினை மேஜையிலிருந்து இறக்கிவிட்டார்கள். நேராக்கிவிட்டால் என்ன என்று தேநீர் கொடுக்கும்போது நான் கேட்டேன். ஹெட்லிக்குக் கோபம் வந்துவிட்டது. "செஞ்ச தப்பை மறைக்கச் சொல்றியா?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். 1964 மார்ச் 17, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மஞ்சளை முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கியிருக்கிறார். ஃபோர்மேன் ராட்கிளிஃப் தள்ளி நின்று பார்த்து, பதினோரு பேர் முன்னால், "உன் கண்ணுல என்னடா கோளாறு? இடப்பக்கம் மூணு அங்குலம் இறங்கியிருக்கு. குருடன்கூட இதைவிட நேரா அடிப்பான்" என்று கத்தியிருக்கிறார். ராட்கிளிஃப் போட்டிருந்த கண்ணாடிக்கு ஒரு பக்கக் காது உடைந்து, நூலால் கட்டி, மூக்கில் கோணலாகச் சாய்ந்திருக்கும். அதை அன்று யாரும் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வயது ஹெட்லி தூரிகையை வைத்துவிட்டு நடந்தவர்தான், திரும்பிப் போகவே இல்லை.

கிளைவ் விடாக்கண்டன். பத்து மாதம் அலைந்து, ஒரு கண்காட்சியில் பழைய படப் பெட்டிக்குள் டி 8437-ஐப் பிடித்துவிட்டார். நேர் எதிரே நின்று எடுத்த படம். பின்னால் பென்சிலில் எழுத்து: 1964 மார்ச் 17, பிற்பகல் இரண்டு பத்து, பெயிண்ட் கொட்டகையிலிருந்து வெளியே வந்த உடனே.

இரண்டு அளவுகோல், மூன்று பூதக்கண்ணாடி. எஞ்சினின் அடிவிளிம்போடு வைத்து அளந்தோம். ஜன்னல்களோடு வைத்து அளந்தோம். மஞ்சள் கட்டம் மயிரிழைகூடப் பிசகவில்லை.

"வேற யாராவது திருத்தி அடிச்சிருப்பாங்க" என்றார் ஹெட்லி.

"ரெண்டு மணி நேரத்துலயா? அந்தக் காலத்துப் பெயிண்ட் காயவே ராத்திரி ஆகும். இது நீ அடிச்சதுதான்யா" என்று கிளைவ் ஜெயித்த சந்தோஷத்தில் கைதட்டினார். "அப்போ உன் மாடல்தான் தப்பு. நம்ம கண்காட்சி வர்றதுக்குள்ள நிமித்திடு. ஒரு மில்லிமீட்டர்தானே, அரை மணி வேலை."

அவர் மண்டையில் தேநீர்க் கெட்டிலைக் கவிழ்க்கலாம் போலிருந்தது எனக்கு.

ஹெட்லி செல்போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். அவருக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"எனிட், அது நேரா இருந்துச்சு."

"எதுங்க?"

"மஞ்சள்."

"ஆமா" என்றார் அவர் மனைவி. "நமக்கு நிச்சயமாகியிருந்த சமயம். மறுநாளே நான் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேனே. நேராத்தான் இருக்குன்னு வந்து சொன்னேனே."

"சொன்னியா?"

"சொன்னேன். ஃபோர்மேனைவிட உனக்குத் தெரியுமோன்னு கேட்டீங்க."

கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஹெட்லி போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"வேற என்னல்லாம் சொன்ன, எனிட்?"

"நிறையச் சொல்லியிருக்கேன். வீட்டுக்கு வாங்க, ஒண்ணொண்ணா திரும்பச் சொல்றேன்."

படத்தோடு ஒப்பிட எடுத்து வைத்திருந்த எஞ்சினை மேஜைமேலேயே விட்டுவிட்டு அவர் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.