எந்த அப்பனும் பேசாத பேச்சு

சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு எங்கள் கடைக்குப் பெருங்காயம் கேட்டு யார் வந்தாலும் ஒரே பதில்தான்: "எட்டரைக்கு மேல வாங்க." ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் பெத்துராஜ் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். பெங்காலிக்காரர்களுக்கு நடுவில் டாலிகஞ்சில் இட்லி அரிசியும் அப்பளமும் காப்பித்தூளும் விற்கிற மனுஷனுக்கு விண்வெளிக் கப்பல் எந்தக் கிரகத்துக்குப் போனால் என்ன என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அவ்வளவு பேசுவார்.

தொடரின் பெயர் 'ஷூன்யஜான்'. வெற்றுவெளியில் போகிற வாகனம் என்று பெங்காலியில் அர்த்தம். நாற்பது பேர் ஒரு கப்பலில் ஏறி, திரும்பி வரவே முடியாத ஒரு கிரகத்துக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதற்கு இவர் பண்ணுகிற ஆர்ப்பாட்டம் இருக்கிறதே! கப்பலில் குண்டு வெடித்தால், "காத்தே இல்லாத இடத்துல சத்தம் எப்படிய்யா கேக்கும்?" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்துவார். ஆக்சிஜன் தீர்ந்துபோன வாரம் தானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் கருத்துப்போய், நான்தான் முதுகில் ஒன்று வைத்தேன். கப்பலில் சமையல் பார்த்த ரோபோ செத்துப்போன மறுநாள் கடையையே திறக்கவில்லை. என் அப்பா செத்ததற்குக்கூட மறுநாள் மத்தியானம் கடையைத் திறந்தவர் அவர். ஒரு தகர டப்பாவுக்குத் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். நான் பொய் சொல்லவில்லை.

அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. இந்தக் கடைக்கு மேல் மாடியில் பிறந்தவர். பெங்காலிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பத்தாம் வகுப்பில் பௌதிகத்தில் தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறார். அந்த மார்க்கு அட்டையை என் மாமனார் பார்த்துவிட்டு, "நல்லது, மூட்டையை இறக்கு" என்றாராம். அதோடு படிப்பு முடிந்தது. சாத்தான்குளத்திலிருந்து நான் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரத்தில் எனக்கு அவர் சொன்ன ஒரே கதை அதுதான். இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொடர் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஷூன்யஜான் ரசிகர்கள் என்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு. முதல் தடவை தன் சொந்தப் பெயரில் நல்ல பெங்காலியில்தான் எழுதினார். "அண்ணே, நீங்க போய் சாம்பாரைக் கிண்டுங்க" என்று எவனோ பதில் போட்டான். முந்நூறு பேர் அதற்குச் சிரித்தார்கள். மறுவாரம் 'துருவ் சென்' என்று புதுக் கணக்குத் தொடங்கினார். அதே மனுஷன், அதே கருத்து. இப்போது முந்நூறு பேரும் "ஆகா துருவ்தா, என்ன ஞானம்!" என்றார்கள். தா என்றால் பெங்காலியில் அண்ணன். இரண்டு வருஷத்தில் துருவ் சென் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் வாயையே திறந்தார்கள்.

"மஞ்சுளாட்ட சொல்லிராதட்டி. சிரிப்பா" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மஞ்சுளா எங்கள் ஒரே மகள். செக்டர் ஃபைவில் நல்ல கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு, சீரியலுக்கு எழுதப் போகிறேன் என்று வந்து நின்றாள். கடையில் வைத்துத்தான் சொன்னாள். இவர் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். தராசை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"போறதுன்னா போ. இனி நீ செத்தாலும் பிழைச்சாலும் எனக்குச் சேதி வரக் கூடாது."

இதுதான் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஜாதவ்பூரில் இரண்டு சிநேகிதிகளோடு அறை எடுத்துத் தங்கினாள். ஆறு மாதம் வரவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வர ஆரம்பித்தாள். இவரும் "மீன் எடுத்து வச்சிக்கோ" என்கிற அளவுக்குப் பேசினார். என்ன வேலை பார்க்கிறாய், யாருக்கு எழுதுகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஏதோ விளம்பரக் கம்பெனி என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

அவள் எழுதிக்கொண்டிருந்தது ஷூன்யஜானுக்கு. எங்கள் கடையிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் இருக்கிற ஸ்டூடியோவில்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னாள். அதுவரைக்கும் கூட இருந்து எடுபிடி வேலைதானாம். இப்போது ஒரு முழு எபிசோடும் அவளே எழுதியிருக்கிறாள். ஷுபங்கர் என்று தலைமை எழுத்தாளர் ஒருவர். அது நன்றாகப் போனால் அடுத்த சீசனிலிருந்து நீயும் எழுத்தாளர்தான் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் பெங்காலி சீரியலில் தமிழ்ப் பெயர் போட்டால் பார்க்கிறவர்களுக்கு ஒட்டாது என்று 'மஞ்சரி ராய்' என்று மாற்றிவிட்டாராம்.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா," என்றாள். "நான்னு தெரியாம பார்க்கட்டும். பார்த்துட்டு என்ன சொல்றாங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லு. எனக்கு அது போதும்."

"நல்லா இருக்குன்னு சொன்னா?"

"அப்போ நீயே சொல்லிரு, உங்க மகதான் எழுதினான்னு."

முகத்தில் அப்படி ஒரு ஆசை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பரீட்சைத் தாளை நீட்டுகிற மாதிரியே இருந்தாள். எனக்கு அங்கேயே வாய் வரைக்கும் வந்தது, அந்த துருவ் சென் யார் தெரியுமா என்று. இவரிடம் செய்த சத்தியத்துக்காக அடக்கினேன். அப்பன் ஒரு பெங்காலிப் பெயருக்குள், மகள் இன்னொரு பெங்காலிப் பெயருக்குள். இரண்டையும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு நடுவில் நான், கெட்டிக்காரி மாதிரி.

அந்த எபிசோடு வந்த சனிக்கிழமை நானும் ஒரு நாற்காலி போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன இன்னைக்கு அதிசயமா இருக்கு?" என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

பாதி வரைக்கும் அவருக்குப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும். பிடித்தால் தொடையைத் தட்டிக்கொண்டே இருப்பார். "யாரு இந்த மஞ்சரி ராய்? புதுசா இருக்கா. கணக்கெல்லாம் சரியாப் போடுதாளே," என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்பவே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. பழைய நினைவாகக் காட்டினார்கள், கப்பல் கிளம்புகிறதற்கு முந்தின நாள். அதில் போகப்போகிற ஒரு பெண் தன் அப்பாவிடம் விடைபெற வருகிறாள். அவன் பட்டறையில் திருகாணி நிறுத்துக்கொண்டிருக்கிறான். தலையைத் தூக்காமல் சொல்கிறான்: "நீ செத்தாலும் பிழைத்தாலும் எனக்கு சிக்னல் வரக் கூடாது."

பெங்காலியில்தான் சொன்னான். ஆனாலும் எனக்கு உளுந்து விழுகிற சத்தமே கேட்டது. பிள்ளை இத்தனை நாளும் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறாள். மெதுவாக அவர் பக்கம் திரும்பினேன். இப்போது தெரிந்திருக்கும், இப்போது இந்த மனுஷன் உடைந்துவிடுவார் என்று பயந்தேன். ரோபோவுக்கே அழுதவராச்சே.

"சீ!" என்றார். "என்ன கண்றாவி இது? எந்த அப்பன் பெத்த பிள்ளைட்ட இப்படிப் பேசுவான்? எழுதத் தெரியாத கழுதையெல்லாம் எழுத வந்துட்டு!"

நடிக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கோபத்தில் கொதித்தார். அந்தப் பெண் அழுதுகொண்டே கப்பலில் ஏறியபோது, "பாவம் அந்தப் பிள்ளை" என்று வேறு சொன்னார். சேனலை மாற்றாத குறைதான்.

அன்றைக்குத் துருவ் சென் எழுதியது இது. பெங்காலியில் இருந்ததை மகள் பிறகு எனக்கு வாசித்துச் சொன்னாள். "பூமியிலும் சரி, வேறு எந்தக் கிரகத்திலும் சரி, பிள்ளையிடம் இப்படிப் பேசுகிற தகப்பன் கிடையாது. மஞ்சரி ராய்க்கு ஒளியின் வேகம் தெரிகிறது, மனுஷனைத் தெரியவில்லை. அநேகமாக அப்பா இல்லாமல் வளர்ந்தவராக இருக்க வேண்டும். இவர் கையிலிருந்து ஷூன்யஜானைக் காப்பாற்றுங்கள்."

நாலு நாளில் பன்னிரண்டாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். கேலிப் படங்கள் போட்டார்கள். சேனல்காரர்கள் ஷுபங்கரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மஞ்சுளாவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கி இரு என்றார். அவர்கள் பாஷையில் ஒதுங்கி இரு என்றால் வராதே என்று அர்த்தமாம்.

புதன்கிழமை பகலில் வந்தாள். இவர் சரக்கு எடுக்க படாபஜார் போயிருந்தார். அடுப்படித் தரையில் உட்கார்ந்து அதை முழுசாக வாசித்துக் காட்டினாள்.

"ரெண்டு வருஷமா எங்க எல்லாருக்கும் இந்த ஆள்னா பயம்மா. துருவ் சென்னுக்குப் பிடிச்சா போதும், மத்ததைப் பார்த்துக்கலாம்னு ஷுபங்கர்தா சொல்வாரு. யாரா இருப்பாரு, ஏதாவது காலேஜ் புரொபசரா இருப்பாருன்னு நாங்க பேசிப்போம்."

எத்தனை நேரம்தான் நான் கல் மாதிரி நிற்பது? சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பாவா எழுதினாங்க?"

"ஆமாட்டி. நீயின்னு தெரியாது அவருக்கு."

"நான்னு தெரியலைன்னா பரவாயில்லை. அந்தப் பேச்சைக் கேட்டதும் தெரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன். ஒண்ணும் சொல்ல வேணாம், டி.வி.யை அணைச்சுட்டுச் சும்மா இருந்திருந்தாக்கூடப் போதும். அதுக்காகத்தான் வச்சேன்."

வேலை போனதற்கு அவள் அழவில்லை. இதற்குத்தான் அழுதாள். நான் எனக்கு இருக்கிற வாய்க்கு ஒரே ஒரு வார்த்தையை முன்னாடியே விட்டிருந்தால் இது நடந்திருக்காது. இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அப்பாவிடம் சொல்லாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் சொன்னேன். அவர் படாபஜாரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மகள் எழுதினாள் என்றதும் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ, என் புள்ள வேலையைக் கெடுத்துட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதுவரைக்கும் சரி. எனக்கும் இரக்கமாகத்தான் இருந்தது.

"அந்தப் பேச்சு யார் பேசினதுன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

"யாரு?"

"நீங்கதான். உளுந்து நிறுத்துக்கிட்டே சொன்னிய. இதே கடையில, நான் இந்த வாசல்ல நின்னேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னட்டி உளறுத? கோவத்துல ஏதாவது சத்தம் போட்டிருப்பேன். பெத்த பிள்ளைட்ட செத்தாலும் பிழைச்சாலும்னு சொல்ல நான் என்ன மிருகமா?"

எவ்வளவோ சொன்னேன். நாள் சொன்னேன், அன்றைக்குக் கடையில் நின்ற வாடிக்கைக்காரி பெயரைச் சொன்னேன். நம்பவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஞாபகமில்லை. நமக்கு மூன்று வருஷம் தூக்கத்தைக் கெடுத்த வார்த்தை, சொன்ன மனுஷனுக்கு எச்சில் துப்பின மாதிரி மறந்துபோயிருக்கிறது.

அன்றைக்கே எழுதினதை அழித்தார். மஞ்சரி ராய் அருமையான எழுத்தாளர், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று புதிதாக எழுதினார். ஸ்டூடியோக்காரன் என்ன கொடுத்தான் என்று கேட்டு, இரண்டு வருஷம் தலையில் வைத்து ஆடின அதே கூட்டம் துருவ் சென்னைக் கிழித்துத் தொங்கவிட்டது. மஞ்சுளாவுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒருத்தி மூலமாக ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. இவர் என்ன ஆசைப்பட்டாரோ அதுவே நடந்தது.

ஹவுராவுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். காலை வண்டி. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், சீட்டுக்கு அடியில் வைத்துச் சங்கிலி போட்டார், தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார். கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏ பிள்ள, உங்கம்மா ஒண்ணு சொல்லுதா. அந்தப் பேச்சு நான் பேசினதுங்கா. நான் அப்படிச் சொன்னேனா?"

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவருக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. சொல்லிவிடு தாயே, இப்பவாவது சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் மன்றாடினேன்.

"இல்லப்பா," என்றாள். "நீங்க சொல்லலை. கதைக்காக நானா எழுதினது. அம்மாவுக்கு ஏதோ குழப்பம்."

"அதானே!" என்றார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்துவிட்டது. "பாத்தியாட்டி? நான் சொன்னேம்லா? மூணு மாசமா என்னைப் போட்டு வதைச்சியே!"

வண்டி நகர்ந்தது. மகள் கையை ஆட்டினாள், இவரும் பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் கூடவே நடந்து கையை ஆட்டினார். முப்பத்தொரு வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். திட்டியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ஆனால் வெறுத்ததில்லை. அன்றைக்கு வெறுத்தேன். மகள் மன்னித்துவிட்டாள் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இனி இந்த ஆளிடம் கேட்க ஒன்றுமில்லை என்று கைகழுவிவிட்டுப் போனாள். அது எனக்குப் புரிந்தது, அவருக்குப் புரியவில்லை.

ஆற்றைக் கடக்க லாஞ்சில் ஏறினோம். கரையிலேயே ஜால்முடி என்கிற காரப்பொரி இரண்டு பொட்டலம் வாங்கியிருந்தார், இன்னும் கொஞ்சம் பச்சை மிளகாய் போடச் சொல்லி. ஒன்றை என்னிடம் நீட்டினார். எனக்கு வேண்டாம் என்றேன். அப்படியானால் சரி என்று இரண்டையும் அவரே தின்றார்.