பதினெட்டாவது வரி

நாகமலை புதுக்கோட்டையில் ஆய்வேடு டைப் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்றில் என் மனைவி வேலை பார்த்தாள். பதினைந்து வருசமும் தட்டச்சு மெஷின்தான். பிறகு கடைக்காரர் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் வாங்கினார். தமிழ் எழுத்துகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. புள்ளிதான் வம்பு செய்தது.

மெஷினில் முதலில் புள்ளியைத் தட்டி, பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் எழுத்துக்குப் பின்தான் புள்ளி. அவள் பழக்கத்தில் ‘பக்கம்’ அடித்தால் ‘ப்கக்ம’ என்று வந்தது.

"அக்கா, சனிக்கெழமைக்குள்ள விரல மாத்திப் பழகிருங்க. இல்லாட்டி வேற ஆளு பாக்கணும்," என்றார் கடைக்காரர்.

அன்று அவள் சாப்பிடவில்லை. "மூளைக்குத் தெரியுதுங்க. விரலு கேக்க மாட்டேங்குது."

"விரலு கெடக்கட்டும். பொட்டிய மாத்துவோம்," என்றேன்.

எனக்குப் பழங்காநத்தத்தில் மோட்டார் காயில் கட்டும் வேலை. ஆறாவதோடு படிப்பு நின்றது. பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவரிடம் கேட்டேன்.

"ஒரு பைல் இருக்குண்ணே. புள்ளி வந்து அப்புறம் க வந்தா ‘க்’ போடுன்னு ஒரு வரி. இப்பிடி எழுத்துக்கு ஒண்ணு. பதினெட்டு வரி, எழுதிருவீங்களா?"

"எம்புட்டு சுத்து கம்பி சுத்துறேன். பதினெட்டு வரிக்கா பயப்படுவேன்?"

அவர் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் புள்ளி சரியாக விழுந்தது. ஆனால் அவள் அடிக்கிற புரோகிராமில் மட்டும் விழவில்லை. அவர் வேறோர் இடத்தில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். அதிலும் வந்தது.

சனிக்கிழமை பிளாப்பியோடு நானும் போனேன். கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அவள் உட்கார்ந்தாள். விரல்கள் பழையபடி ஓடின. ‘பக்கம்’ சரி. ‘தமிழ்’ அடித்தாள். ‘தமி’ என்று நின்றது. மறுபடியும் ‘தமி’. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

வரிகளை எண்ணினேன். பதினேழுதான் இருந்தன. எழுத்துகளை விரல்விட்டு எண்ணிச் சொல்லிப் பார்த்தேன். "ய, ர, ல, வ, ள, ள..."

அவள் சிரித்துவிட்டாள். "ரெண்டு ளவா? மொத வாரது ழங்க!"

என் வாயில் இரண்டும் ஒன்றுதான். ஒரே எழுத்தை எதற்கு இரண்டு தடவை எழுதுவது என்று ஒன்றை விட்டிருக்கிறேன்.

அந்த வரியையும் சேர்த்தேன். அணைத்துப் போட்டோம். ‘தமிழ்’ முழுதாக வந்தது.

"திங்கக்கெழம வழக்கம்போல வந்துருங்கக்கா," என்றார் கடைக்காரர்.

பஸ்ஸில் அவள், "வாழப்பழம் சொல்லுங்க," என்றாள்.

"வாளப்பளம்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரம் கழித்து அன்றுதான் சிரித்தாள். நான் இன்னொரு தடவை சொன்னேன்.